ஐம்பது பவுண்டு நூல்

செம்மண்டலத்தில் சுப்பராயலுவின் வீட்டைக் கண்டுபிடிப்பதற்குள் சத்யப்பிரியாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒரு கையில் உறை போட்ட ஆளுயரத் தூண்டில் கம்பு. இன்னொரு கையில் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்த செல்போன். ஆட்டோக்காரர் வேறு, "செம்மண்டலத்துல ஏதும்மா கடலு, எங்க மீன் புடிக்கப் போற?" என்று கேட்டுத் தொலைத்தார். சிரிக்கவும் வரவில்லை, கோபப்படவும் தெம்பில்லை.

கதவைத் திறந்தவன் எழிலன். திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பைக் உதிரிபாகக் கடை வைத்திருப்பவன். சத்யப்பிரியாவின் தூண்டில் கடையும் அதே தெருவில்தான். "இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து சர்வே பண்ணிப் பண்ணி எங்க மாமாவுக்குக் கண்ணு கூர் ஆயிடுச்சு. ஒரு வண்டியப் பாத்தா அது எங்க விழுந்துச்சுன்னு சொல்லிடுவாரு" என்று தெரு முழுக்கத் தம்பட்டம் அடிப்பவன் அவன்தான். அக்காவின் கணவரைப் பற்றி இப்படிப் பெருமையடிக்கிற ஆள் கடலூரில் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

மாமா சுப்பராயலு கூடத்தில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற பிறகும் யாருக்காகவோ விறைப்பாக உடுத்துகிற மனிதர். "உக்காரும்மா" என்றார், நிமிராமல்.

"நிக்கிறேன் சார். உக்காந்தா இன்னும் படபடப்பா வருது."

"சரி, நின்னே சொல்லு."

சொன்னாள். அவளுடைய வாடிக்கையாளர் ராஜவேல், கடலூர் முதுநகரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பர் ஸ்ரீதரோடு கிள்ளைப் பக்கம் முகத்துவாரத்துக்கு மீன் பிடிக்கப் போயிருக்கிறார். அங்கே கல் கொட்டிய கரையில் நின்றபோது பெரிய கொடுவா ஒன்று மாட்டியதாம். அது இழுத்த இழுப்பில் ராஜவேல் வழுக்கிக் கற்களுக்கு இடையில் விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு, இடது கால், மண்டையிலும் அடி. சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். ஸ்ரீதர்தான் கத்தியால் நூலை அறுத்து அவர் உயிரைக் காப்பாற்றியதாகப் பேச்சு.

"இதுல நீ எங்க வர்ற?" என்றார் சுப்பராயலு, காலரைத் திருப்பிப் போட்டபடி.

"அந்த நூல சுத்திக் குடுத்தது நான் சார்" என்றாள். "அவரு இருபது பவுண்டு இழுப்பு தாங்குற நூலுதான் கேட்டாரு. ஸ்ரீதர் அதத்தான் வாங்கச் சொன்னாராம். நான்தான் வற்புறுத்தி அம்பது பவுண்டு போட வச்சேன். 'இருபதா இருந்தா அப்பவே அறுந்திருக்கும், ராஜவேல் இந்நேரம் நடந்து ஊட்டுக்கு வந்திருப்பான்'னு ஸ்ரீதர் வாட்ஸப் குரூப்ல போட்டுட்டாரு. காட்டுமன்னார்கோயில்லேருந்து கடலூர் வரைக்கும் தூண்டில் போடுற எல்லாரும் அந்த குரூப்ல இருக்காங்க. எங்கிட்ட வாங்காதீங்கன்னு ஆளாளுக்கு எழுதுறாங்க. ராஜவேலு ஒய்ஃப் ஜெயராணி கடைக்கே வந்து, இந்தக் கம்ப என் மேசை மேல வீசிட்டு அழுதுட்டுப் போனாங்க. ஸ்டேஷன்ல மனு குடுக்கப் போறாங்களாம்."

"கடைக்குப் பயப்படுறியா?"

"கடை போனா வேற பொழப்பு பாத்துக்குவேன் சார். என் கையால சுத்துனது ஒரு மனுஷன முடமாக்கிடுச்சா இல்லையான்னு எனக்குத் தெரியணும். அது தெரியாம சோறு எறங்கல."

சுப்பராயலு முதல் முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார். இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார். "எனக்கு மீன் திங்கத்தான் தெரியும். ஏன் அம்பதுன்னு சொன்ன? வெளங்குற மாதிரி சொல்லு."

இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டிருக்கவில்லை. எல்லாரும் ஏசினார்களே தவிர ஏன் என்று கேட்கவில்லை. அவள் உறையிலிருந்து கம்பை உருவினாள்.

"சாதாரண ரீலு கம்புக்கு அடியில தொங்கும் சார். வீசும்போது உருளை சுத்தாது, நூலு வளையம் வளையமா கழண்டு போவும். அதுக்கு மெல்லிசு நூலு நல்லது. ஸ்ரீதர் அதத்தான் வச்சிருக்காரு. ராஜவேல் வாங்குனது இது, பெய்ட்காஸ்ட் ரீலு. கம்புக்கு மேல உக்காரும். வீசுனா உருளையே சுத்தும். கட்டைவிரல அது மேல வச்சு வேகத்த அடக்கணும். இதுல மெல்லிசு பின்னல் நூலு போட்டா வம்பு. பெரிய மீனு இழுத்துச்சுன்னா, மேல இருக்கிற நூலு அடியில இருக்கிற சுத்துக்குள்ள கத்தி மாதிரி எறங்கிப் புதைஞ்சிடும். அடுத்த தடவ வீசும்போது அந்த எடம் வந்ததும் டக்குனு நிக்கும். உருளை மட்டும் சுத்தி, மொத்தமும் சிக்காகிக் குருவிக்கூடு கட்டிடும். நூலு தடிமனா இருந்தா அவ்வளவு சுலபமா புதையாது. அதான் அம்பது."

"அம்பது புதையவே புதையாதா?"

அவள் தயங்கினாள். "இறுக்கமா சுத்தியிருந்தா புதையாது. தொளதொளன்னு இருந்தா அதுவும் புதையும். அன்னிக்கு என் கடையில சுத்துற மெஷினு ரிப்பேரு. அவரு அவசரப்பட்டாரு, கையாலயே சுத்திக் குடுத்தேன். தொளதொளப்பாத்தான் இருந்துச்சு. போறதுக்கு முன்னாடி நூலு முனைய மரத்துல கட்டி, தள்ளிப் போயி, இழுத்துப் புடிச்சு ஒருதடவ மறுபடியும் சுத்திக்கங்கன்னு சொல்லி அனுப்புனேன்."

"செஞ்சாரா?"

"தெரியல சார்."

எழிலனால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "மாமா, ரீலுல டிராக்னு ஒண்ணு இருக்கு, நம்ம பைக் கிளட்ச் கணக்கா. அளவுக்கு மேல இழுத்தா வழுக்கிக் குடுத்துடும். நான் நெட்ல படிச்சேன்."

"அதத்தான் நானும் குரூப்ல போட்டேன்" என்றாள் சத்யப்பிரியா. "டிராக்க முழுசா இறுக்குனாலும் இந்த ரீலு ஆறேழு கிலோ இழுப்புக்கு வழுக்கிடும். அப்பறம் நூலு அம்பதா இருந்தா இன்னா, நூறா இருந்தா இன்னா? அதுக்கு ஸ்ரீதர், 'ராஜவேல் கட்டைவிரலால உருளைய அமுக்கிப் புடிச்சான், நான் கண்ணால பாத்தேன்'னு போட்டுட்டாரு. அதுக்கு மேல நான் இன்னா பேசுறது?"

சுப்பராயலு ரீலைக் கையில் வாங்கினார். அதன் இடப்பக்கத் தகட்டில் வண்ணம் உரிந்து, வெள்ளைக் கோடுகள் நெருக்கமாக ஓடின. அவர் அதை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு உறையை எடுத்தார். நீலத்துணியில் தைத்த உறை, ஒரு பக்கம் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ந்து கிழிந்திருந்தது.

"இது பழசா?"

"புதுசு சார். கம்பு வாங்குறவங்களுக்கு இனாமா குடுப்பேன். சனிக்கிழமைதான் குடுத்தேன். ஜெயராணி தரையில இழுத்துட்டு வந்திருப்பாங்க போலருக்கு."

சத்யப்பிரியாவின் கண் உறையில் இல்லை. அவள் உருளையைத்தான் பார்த்தாள். விளிம்புவரை சுற்றிக் கொடுத்த நூலில் கணிசமான பகுதியைக் காணோம். மிச்சமிருந்த முனை கத்தியால் வெட்டியதுபோல் சுத்தமாக இருந்தது. அப்படியென்றால் ஸ்ரீதர் சொன்னது உண்மைதான். ஓடிய நூலை மீன் கொண்டுபோய்விட்டது.

"மாடிக்குப் போவலாம் வா" என்றார் சுப்பராயலு. "இதை ஒருதடவ வீசிக் காட்டு."

பக்கத்து மனை காலியாகக் கிடந்தது. நூலில் கட்ட எடை வேண்டியிருந்தது. எழிலன் சட்டைப் பையிலிருந்து பைக் நட்டு ஒன்றை எடுத்து நீட்டினான். அவன் பையில் எப்போதும் ஏதாவது நட்டு இருக்கும். அவள் அதைக் கட்டி, கட்டைவிரலை உருளையில் பதித்து, கம்பைப் பின்னால் சாய்த்து வீசினாள். நூல் சரசரவென்று ஓடியது. ஒரு தடங்கலும் இல்லை. நட்டு மனையின் கோடியிலிருந்த எருக்கஞ்செடிக்கு அப்பால் போய் விழுந்தது. எழிலன் அத்தனையையும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

"சூப்பரு! மாமா, நான் ஒருவாட்டி?"

"கைய வைக்காத மச்சான். கெடுத்துடுவ." அவர் அவளிடம் திரும்பினார். "உன் கைவேலை நல்லா இருக்கும்மா. வா, சிதம்பரம் போவலாம்."

பஸ்ஸில் சத்யப்பிரியாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆலப்பாக்கத்தில் ஒரு முறை இடம் மாறினாள், புதுச்சத்திரத்தில் மறுபடியும் மாறினாள். குரூப்பைப் பார்க்கக் கூடாது என்று செல்போனைப் பைக்குள் போடுவாள், அடுத்த நிமிடமே எடுப்பாள். பக்கத்தில் எழிலன் தன் துப்பறியும் மூளையைக் கசக்கிக்கொண்டிருந்தான். "எனக்கென்னமோ ஸ்ரீதர்தான் தள்ளிவிட்டிருப்பான்னு தோணுது மாமா. பொம்பள வெவகாரமா இருக்கும். இல்லன்னா சொத்து." சுப்பராயலு ஜன்னல் பக்கம் சாய்ந்து நிம்மதியாகத் தூங்கினார். மனிதனுக்கு எப்படித்தான் தூக்கம் வருகிறதோ என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

ஆஸ்பத்திரியில் ராஜவேலின் கட்டிலைச் சுற்றி ஒரு சின்னக் கூட்டமே இருந்தது. இடது கால் எடை கட்டித் தொங்கியது, இடது முழங்கையில் கட்டு, தலையில் கட்டு. ஆனால் முகத்தில் மட்டும் மாப்பிள்ளைக் களை. பக்கத்துக் கட்டில்காரருக்கு அவர் வலது கையை அகல விரித்து மீனின் நீளத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

சத்யப்பிரியாவைப் பார்த்ததும் ஜெயராணி விருட்டென்று எழுந்தாள். "இவ எதுக்கு இங்க வந்தா? இன்னும் இன்னா பாக்கணுமாம்?"

"நான்தாம்மா கூட்டியாந்தேன்" என்றார் சுப்பராயலு. "விபத்துகளப் பத்தி விசாரிக்கிறவன் நான். கொஞ்ச நேரம் பேசிட்டுப் போயிடுறோம்." அந்தக் குரலில் என்ன இருந்ததோ, ஜெயராணி முணுமுணுத்தபடி உட்கார்ந்தாள். எழிலன் டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கீழே நழுவினான்.

"வாங்க மேடம்" என்றார் ராஜவேல். அவருக்கு அவள் மேல் கோபமே இல்லை. அதுதான் சத்யப்பிரியாவை இன்னும் வாட்டியது. "உங்க நூலு அறுந்து போவவே இல்ல பாத்தீங்களா! பன்னெண்டு கிலோ இருக்கும்னு மச்சான் ஸ்ரீதர் சொல்றான் சார். முகத்துவாரத்துல இதுவர யாருமே அந்த சைஸு எடுத்ததில்ல."

"உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டபடி சுப்பராயலு அவருடைய வலது கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிய கையை விடவில்லை.

"முட்லூர்ல டீ குடிச்சது வரைக்கும்தான் ஞாபகம். அப்பறம் இந்தக் கட்டிலுதான். ஆனா கண்ண மூடுனா மீன் எகிறுறது அப்படியே தெரியுது சார். வெள்ளி கணக்கா மின்னுது. வயசு நாப்பத்தி ரெண்டு ஆவுது. இதுவரைக்கும் சொல்லிக்கிற மாதிரி எதையும் நான் கிழிச்சதில்ல. இது ஒண்ணுதான்."

"சனிக்கிழமை ராத்திரி நூல மறுபடியும் இறுக்கிச் சுத்துனீங்களா?"

ஜெயராணிதான் பதில் சொன்னாள். "எங்க சுத்துனாரு? வந்ததும் உறையோட சொவுத்துல சாத்தி வச்சாரு. காலைல அப்படியே தோள்ல மாட்டிட்டு ஸ்ரீதர் அண்ணன் வண்டியில போயிட்டாரு."

சொல்லி வாய் மூடுமுன் ஸ்ரீதரே வந்தான். கையில் இளநீர் பாட்டில். ஒல்லியான, களைத்த முகம். அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை பொத்தான் போட்டிருந்தான். சத்யப்பிரியாவைக் கண்டதும் நடை தடுமாறியது.

"தினமும் வர்றாரு சார்" என்றாள் ஜெயராணி. "அடுத்த வாரம் கத்தாருக்கு வேலைக்குப் போறாரு. இருந்தும் இங்கதான் அலையிறாரு. கூடப்பொறந்தவன் கூட இப்படிப் பாக்க மாட்டான்."

சுப்பராயலு அவனுக்கு முக்காலியைத் தள்ளிப்போட்டார். "ஒரே ஒரு சந்தேகம் தம்பி. மீன் மாட்டுனப்ப இந்தக் கம்போட உறை எங்க இருந்துச்சு?"

"உறையா?" ஸ்ரீதர் இதை எதிர்பார்க்கவில்லை. "மடிச்சு மணல்ல என் பை மேல வச்சிருந்தோம் சார். கெளம்பும்போது கம்ப அதுக்குள்ள போட்டுட்டு வந்தேன்."

"மணல்லயா?"

"ஆமா சார். கல்லு மேல வச்சா காத்துல பறந்துடும்ல."

எழிலன் படியேறி மூச்சு வாங்க வந்து நின்றான். முகம் ஜொலித்தது. "கீழ நிக்கிற கருப்பு வண்டி உங்கதுதானே தம்பி? எடது பக்கம் கண்ணாடி, இண்டிகேட்டரு, ஃபுட்ரெஸ்ட் எல்லாம் பளபளன்னு புதுசு. வலது பக்கம் எல்லாம் பழசு. நம்ம கடையில வாங்கலியே!"

"பார்க்கிங்ல எவனோ தள்ளிவிட்டுட்டான்" என்றான் ஸ்ரீதர். அவன் இளநீர் பாட்டிலை மேசையில் வைத்த விதத்தில் அது சாய்ந்தது. சத்யப்பிரியாதான் பிடித்து நிறுத்தினாள்.

சுப்பராயலு நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் பேச்சு நலம் விசாரிக்க வந்தவரின் பேச்சு போலவே இருந்தது.

"எனக்கு மீன் புடிக்கத் தெரியாது. இந்தப் பொண்ணு சொல்லிக் குடுத்ததுதான். முதல்ல இவரு கட்டைவிரல். உருளைய இந்த விரலாலதான் அமுக்கிப் புடிச்சாருன்னு ஸ்ரீதர் கண்ணால பாத்ததா சொல்றாரு. ஆளையே கவுக்குற மீனு இழுத்து, பின்னல் நூலு இந்த விரலுக்கு அடியில வழுக்கி ஓடியிருந்தா தோலு என்னாவும்மா?"

"கிழிஞ்சிடும் சார்" என்றாள் சத்யப்பிரியா மெல்ல. "இல்ல பொசுங்கிடும்."

"ஜெராக்ஸ் மை தவிர இதுல ஒரு கீறல் இல்ல. சரி, ஓடாம கெட்டியா புடிச்சிட்டாருன்னே வச்சுக்குவோம். அப்ப அந்த இழுப்பு மொத்தமும் எது மேல விழும்? உருளையில இருக்கிற நூலு மேல. அந்த நூலு கையால தொளதொளன்னு சுத்துனது. மறுபடி இறுக்கலன்னு இந்த அம்மாவே சொல்லிட்டாங்க. தொளதொளன்னு இருந்தா அம்பது பவுண்டும் புதையும், அடுத்து வீசுனா டக்குனு நிக்கும்னு சொன்னது நீதானே?"

சத்யப்பிரியாவுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு மொட்டைமாடி கண்முன் வந்தது. சரசரவென்று ஓடிய நூல். அதைப் பார்த்து, தன் கைவேலை நன்றாக இருக்கிறதென்று உள்ளுக்குள் பூரித்துக்கொண்டாளே! நன்றாக ஓடியிருக்கவே கூடாதே அது!

"அது நிக்கல சார்!" என்று கத்தியேவிட்டாள். "எங்கயும் நிக்கல! அந்த நூல எந்த மீனும் இழுக்கல!"

எழிலன் பிடித்திருந்த படத்தை எல்லாருக்கும் காட்டினான். ஸ்ரீதர் மட்டும் அதைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தான்.

"நூல உருவி வெட்டிட்டா கதைக்குப் போதும்னு ஸ்ரீதர் நெனச்சிருக்காரு" என்றார் சுப்பராயலு. "அவரு ரீலுல அது போதும். அதுல உருளை சுத்தாது, நூலு புதையுற தொல்லையும் கம்மி. இந்த ரீலோட கொணம் அவருக்குத் தெரியாது. அப்ப மீன் இல்ல. ராஜவேல் எங்கதான் விழுந்தாரு? அதுக்குத்தான் உறையப் பாத்தேன். உறையில கிழிசல் இருக்கிற எடமும், ரீலுல தேய்ச்சல் இருக்கிற எடமும் ஒண்ணு மேல ஒண்ணு அச்சா பொருந்துது. அதாவது அடிபட்டப்ப கம்பு உறைக்குள்ளதான் இருந்துச்சு. மணல்ல மடிச்சு வச்ச உறை எப்படிக் கிழியும்? அப்பறம் கல்லு மேல விழுந்தா மூலைக்கு ஒரு பள்ளம் விழும். இதுல கோடெல்லாம் ஒரே பக்கமா ஓடுது. தார் ரோட்டுல தேய்ச்சுக்கிட்டுப் போனாத்தான் அப்படி வரும். வருஷக்கணக்கா நான் பாத்துச் சலிச்ச கோடு. ராஜவேலுக்கு அடி எடது பக்கம். ரீலுக்கும் எடது. வண்டிக்கும் எடது. தம்பி, உங்க எடது கை சட்டைய நான் தொறந்து பாக்கணுமா?"

ஸ்ரீதர் தானே பொத்தானைக் கழற்றினான். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் உரிந்து, பொருக்குத் தட்டியிருந்தது.

"கிள்ளை ரோட்டுல..." என்று ஆரம்பித்தான். ராஜவேலைப் பார்த்தான். மறுபடியும் ஆரம்பித்தான். "விசா வந்துடுச்சுன்னு மெசேஜ் வந்துச்சு சார். ஓட்டிக்கிட்டே எடுத்துப் பாத்துட்டேன். வண்டி மணல்ல சறுக்கிடுச்சு. ரோட்டுல யாருமே இல்ல. இவன் பேச்சு மூச்சில்லாம கெடந்தான். கேஸ் ஆயிடுச்சுன்னா போவ முடியாதுன்னு பயந்துட்டேன். மீன் வண்டி ஒண்ணு வந்துச்சு, அதுல ஏத்துனேன். எப்படி விழுந்தாருன்னு டிரைவர் கேட்டப்ப மீன் இழுத்துடுச்சுன்னு வாயில வந்துடுச்சு. மீன் மேல யாரு கேஸ் போடப் போறாங்க?"

"என் மேல போட்டீங்களே!" என்றாள் சத்யப்பிரியா. இத்தனை நாள் அடக்கியதெல்லாம் திரண்டு வந்தது. "நான் பாட்டுக்குக் கடையில உக்காந்திருந்தேன். எம் பேர எதுக்கு இழுத்தீங்க?"

"நூலு ஏன் அறுந்து போவலன்னு குரூப்ல எல்லாரும் கேட்டாங்க. ஏதாவது சொல்லணுமேன்னு சொன்னேன். இவ்வளவு தூரம் போவும்னு நெனக்கல சிஸ்டர். தப்புதான்."

"தப்பு அதோட நிக்கல" என்றார் சுப்பராயலு. முதல் முறையாக அவர் குரல் கடுமையாக இருந்தது. "வண்டியில பின்னாடி உக்காந்து வந்தவருக்கு அடிபட்டா இன்சூரன்ஸுல கேக்கலாம். மீனுக்கு ஏது இன்சூரன்ஸு? உங்க கூட்டாளி வைத்தியத்துக்கு வரவேண்டியதையும் சேத்துத்தான் நீங்க மறைச்சீங்க. தினமும் எளநீ வாங்கியாந்தா அது சரியாயிடுமா?"

ஜெயராணி எழுந்து ஸ்ரீதர் முன்னால் போய் நின்றாள். அடித்துவிடுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் அவனுடைய புண்ணான கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.

சத்யப்பிரியா கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ராஜவேலின் முகத்திலிருந்த களை எங்கோ போயிருந்தது. பத்து வயது கூடிவிட்டது போலிருந்தார்.

"அப்ப மீனு?" என்று கேட்டார்.

சுப்பராயலு கட்டில் பக்கம் குனிந்தார்.

"நான் பாத்தேனே சார். எகிறுச்சே. வாலு கூட..."

"மண்டையில அடிபட்டவங்களுக்கு, கேட்டதெல்லாம் பாத்த மாதிரியே இருக்கும்ப்பா" என்றார் சுப்பராயலு. அவர் குரல் மறுபடியும் இறங்கியிருந்தது. "மீன் இல்ல."

ராஜவேல் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். சத்யப்பிரியாவுக்கு ஓவென்று கத்த வேண்டும்போல் இருந்தது. இதற்காகத்தானே அலைந்தாள்? கல்லைத் தூக்கி இறக்கியது போல் நெஞ்சு லேசாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் தன் நெஞ்சிலிருந்து இறங்கியது அந்த மனிதர் மேல் போய் உட்கார்ந்ததையும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். குரூப்பில் தானாகப் போய் எதையும் எழுத வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்தாள். போலீசுக்கும் இன்சூரன்ஸுக்கும் உண்மை தெரிந்தால் போதும். மீன் இருந்துவிட்டுப் போகட்டும்.

"மச்சான்" என்றார் ராஜவேல், கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஸ்ரீதர் கிட்டே போனான்.

"ஸ்டேஷனுக்கு நீயே போ. என் பொண்டாட்டிய அங்க நிக்க வச்சிடாத."

"இப்பவே போறேன்டா."

எழிலன் அவனோடு கூடப் போனான். சட்டைப் பையிலிருந்த நட்டை விரலால் உருட்டிக்கொண்டே படியிறங்கினான்.

"மேடம்" என்றார் ராஜவேல். "என் போன எடுத்துக் குடுங்க. தோ, தலகாணிக்கு அடியில."

கொடுத்தாள். அவர் வலது கையால் அதை வாய்க்கு அருகில் கொண்டுபோனார். அவர் என்ன செய்யப்போகிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

"வேணாங்க. எனக்கு வேணாம். நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று தடுத்தாள்.

"கம்முனு இருங்க மேடம்." ஒலிப்பதிவுப் பொத்தானை அமுக்கினார். "எல்லாருக்கும் வணக்கம். ராஜவேல் பேசுறேன். எனக்கு அன்னிக்கு மீன் எதுவும் மாட்டல. வண்டியிலேருந்து விழுந்துதான் அடிபட்டுச்சு. சத்யா மேடம் குடுத்த நூலு தண்ணியவே தொடல. பெய்ட்காஸ்ட் ரீலுக்கு அம்பதுதான் சரி. அவங்களத் திட்டுனவங்க மன்னிப்புக் கேட்டுடுங்க. அவ்ளோதான்."

சத்யப்பிரியாவின் கைப்பையில் செல்போன் அதிர்ந்தது. அவள் எடுத்தாள். நாளெல்லாம் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்த குரூப் அடங்கிக் கிடந்தது. ஜெயராணி ஜன்னலிலிருந்து வந்து அவள் பக்கத்தில் நின்று, அவள் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தாள். அவள் முழங்கையைப் பற்றிக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்துக் காட்டுமன்னார்கோயில் ஆள் ஒருவர் கேட்டிருந்தார்: "அப்ப அந்த பன்னெண்டு கிலோ கொடுவா இன்னாச்சுண்ணே?"

ராஜவேல் அதைப் படித்தார். ஒற்றை விரலால் தடவித் தடவி எழுதினார். அனுப்பிவிட்டு செல்போனை மார்மேல் கவிழ்த்துக்கொண்டு கண்ணை மூடினார்.

சத்யப்பிரியாவின் கையிலிருந்த செல்போனில் அந்தப் பதில் வந்து விழுந்தது.

"இன்னும் தண்ணிலதான் இருக்கு."